பலகையில் எழுதி மாட்டினால் நிறுவனப் பண்பாடு வந்துவிடுமா?

கேள்வி: குறிச்சிப் பட்டறை

வணக்கம். கோவை குறிச்சியில் என் தந்தை இரண்டு லேத்துகளுடன் தொடங்கிய பட்டறையை இப்போது நான் நடத்திவருகிறேன். கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடைந்தும் வெட்டியும் பாகம் செய்யும் ஆறு சிஎன்சி டர்னிங் சென்டர்களும் இரண்டு விஎம்சிகளும் இருக்கின்றன; இரண்டு ஷிஃப்டிலும் சேர்த்து 48 பேர் வேலை செய்கிறார்கள். நெடுங்காலமாகப் பம்புசெட் நிறுவனங்களுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் ஜாப் ஆர்டரில் செய்து கொடுத்துவந்தோம். அந்த வேலையில் ஆர்டர் கொடுப்பவர் சொல்வதுதான் விலை. இரும்பு விலை ஏறினாலும் கூலி ஏறினாலும் நமக்கு ஒரு ரூபாய் ஏற்றித் தரமாட்டார்கள்; கேட்டால் அடுத்த தெருவில் ஐம்பது காசு குறைத்துச் செய்யக்கூடியவரின் பெயரைச் சொல்வார்கள். எனவே மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, துல்லியம் அதிகம் கேட்கும் ஹைட்ராலிக் வால்வு உட்பாகங்களுக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன். வங்கியில் கடன் வாங்கி, இரண்டு புதிய இயந்திரங்களையும், துளையின் அளவைக் காற்றழுத்தத்தால் அளக்கும் ஏர் கேஜையும் வாங்கி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஆர்டரையும் பெற்றேன்.

மூன்று மாதங்களுக்கு முன்பு அந்த நிறுவனம் 1,200 பாகங்கள் கொண்ட ஒரு லாட்டை முழுமையாகத் திருப்பி அனுப்பிவிட்டது. 22 மில்லிமீட்டர் துளை; அளவு வரம்பு 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அளவில் குறையில்லை, துளைக்குள் விட்டு அளவைச் சோதிக்கும் பிளக் கேஜ் சரியாகவே உட்கார்ந்தது. ஆனால் சில பாகங்களில் துளையின் உட்சுவரை நகத்தால் வருடினால் மெல்லிய கோடு ஒன்று தட்டுப்படுகிறது. அந்தக் கோட்டின் வழியாக எண்ணெய் கசியும். பிரித்துப் பார்த்ததில் ஏறத்தாழ 140 பாகங்கள்தான் பழுது, அதாவது ஓர் இரவு ஷிஃப்டின் உற்பத்தி மட்டும். மற்றவற்றோடு கலந்து பெட்டிக்குள் போனதால் மொத்த லாட்டும் திரும்பிவிட்டது.

விசாரித்தபோது என்னைத் தூங்கவிடாமல் செய்த செய்தி வேறு. உலோகத்தை வெட்டும் சிறு துண்டான இன்செர்ட்டின் முனை உடைந்தது அந்த இரவின் ஆபரேட்டருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இயந்திரத்தில் பதிந்திருக்கும் கருவியின் நிலை அளவான ஆஃப்செட்டைத் திருத்தி, துளையின் அளவை வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டு ஓட்டியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. நல்ல வேலைக்காரர், ஐந்து ஆண்டுகளாக என்னிடம் இருப்பவர்.

எனக்கு ஆலோசனை சொல்ல வந்தவர், உங்களிடம் நல்ல உத்தி இருக்கிறது, கல்ச்சர்தான் இல்லை என்கிறார். நிறுவனத்தின் நோக்கத்தையும் ஐந்து விழுமியங்களையும் எழுதிப் பலகையாக மாட்ட வேண்டும், மாதம் ஒருவருக்குச் சிறந்த பணியாளர் விருது கொடுக்க வேண்டும், ஆண்டு விழா நடத்த வேண்டும், சீருடை தர வேண்டும் என்று ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார். இவற்றால் பயன் உண்டா? உத்தியை முதலில் சரிசெய்வதா, பண்பாட்டை முதலில் சரிசெய்வதா? சிறு பட்டறை நடத்தியவர்களும் அவற்றில் வேலை செய்தவர்களும் மனம்திறந்து சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பதில்: பாடி தரப்பிரிவு, ஓய்வு

ஐயா, பாடி, அம்பத்தூர் பகுதி வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் 31 ஆண்டுகள் தரப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்பு நான் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆபரேட்டருக்கு முன்பு, உங்கள் பட்டறையில் தாமாக முன்வந்து "இங்கே தப்பு நடந்துவிட்டது" என்று கடைசியாகச் சொன்னவர் யார்? சொன்னவருக்கு என்ன நடந்தது? உங்கள் நிறுவனத்தின் பண்பாடு எது என்று பலகையில் எழுத வேண்டிய தேவையே இல்லை. அந்த நிகழ்ச்சியில் அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், 48 பேரும் அதைப் படித்திருப்பார்கள்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அந்த நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது அது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாள்கள் உண்டு. தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையில் தீராத புகார்கள் குவிந்துகிடந்தன. எது நடந்தாலும், கார்கள் நகர்ந்தபடியே பொருத்தப்படும் லைன் நிற்கக் கூடாது என்பதுதான் அங்கே சட்டம். பழுதான கார் அப்படியே நகர்ந்து கடைசிவரை போகும். வெளியே நிறுத்திவைத்துப் பிறகு சரிசெய்வார்கள். 1982இல் ஆலையை மூடினார்கள். டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டடத்தில் நம்மி என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1984இன் இறுதியில் கார் உற்பத்தியை ஆரம்பித்தன. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பழைய ஆலையின் அதே தொழிலாளர்கள், தொழிற்சங்கமும் அதேதான். ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா ஆலைக்கு அவர்களில் பலரை அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் அந்த ஆலையின் தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு நிகராக வந்துவிட்டது. வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் என்று ஆனார்கள்.

ஆட்களை மாற்றாமல் இதைச் செய்தார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "நம் ஊர் ஆட்கள் சரியில்லை" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவன் நான். அங்கே மாறியது இதுதான். ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கியது. பழுதைக் கண்டால் இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கு எரியும், அந்தச் சிறு குழுவின் தலைவர் ஓடிவருவார். குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடிந்தால் லைன் ஓடும், முடியாவிட்டால் நிற்கும். இழுத்தவரைப் பார்த்து "ஏன் இழுத்தாய்?" என்று எவரும் முகம் சுளிப்பதில்லை, என்ன உதவி வேண்டும் என்று கேட்பதுதான் வந்தவரின் வேலை. ஆட்குறைப்பைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்வோம் என்றும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்து ஆலை பாதி வேலையோடு இருந்தபோதும் யாரையும் வெளியே அனுப்பவில்லை. பயிற்சியிலும் வேலைமுறைகளைச் சீராக்குவதிலும் அவர்களை ஈடுபடுத்தினார்கள். கயிற்றை இழுத்தால் வேலை போகாது என்ற சொல்லைத் தொழிலாளி நம்பத் தொடங்கியது அப்போதுதான் என்று நான் எண்ணுகிறேன்.

கோவைக்காரரான உங்களுக்குப் பிடித்துப்போகக்கூடிய ஒரு விவரம்: இந்தக் கயிற்றின் மூலம் கார் தொழிலில் இல்லை, நெசவில் இருக்கிறது. டொயோட்டா குடும்பத்தின் மூத்தவரான சாகிச்சி டொயோடா தறி செய்தவர். 1924இல் அவர் முழுமைப்படுத்திய ஜி வகைத் தானியங்கித் தறியில், பாவு நூலோ ஊடை நூலோ அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அறுந்த நூலோடு ஓடினால் கஜக் கணக்கில் பழுதான துணிதான் நெய்யப்படும் என்பது தறிக்காரருக்குத் தெரியும். அதே தறியின் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது. நின்றுவிடுவதுதான் அந்தத் தறியின் சிறப்பே.

இனி உங்கள் ஆலோசகரின் பலகையைப் பற்றி. ஜெனரல் மோட்டார்ஸ் தன் மேலாளர்களை நம்மிக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. படித்தவர்கள் திரும்பிப்போய் அதே முறையை மற்ற ஆலைகளில் நடத்த முயன்றார்கள். கலிஃபோர்னியாவிலேயே இருந்த வான் நைஸ் ஆலையில் அது வேர் பிடிக்கவில்லை. 1992இல் அந்த ஆலையை மூடினார்கள். கயிற்றையும் விளக்கையும் நகல் எடுப்பது எளிது. இழுத்தவுடன் ஓடிவருபவரை நகல் எடுக்க முடியாது.

நம் பக்கத்திலும் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. 2002இல் டிவிஎஸ் மோட்டாருக்கும் கிடைத்தது. அந்த ஆண்டுகளில் சென்னையைச் சுற்றியிருந்த உதிரிபாகக் கம்பெனிகள் அனைத்திலும் ஒரே பரபரப்பு. நான் வேலை செய்த ஓரிடத்தில் சுவர் முழுக்க வரைபடம் ஒட்டினோம், தரை முழுக்க மஞ்சள் கோடு போட்டோம். தணிக்கைக்கு முதல் நாள் இரவு, விளக்கம் சொல்ல முடியாத பாகங்களையெல்லாம் லாரியில் ஏற்றி வேறொரு கொட்டகையில் ஒளித்துவைத்தோம். அந்த லாரியில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். மறுநாள் காலையில் அத்தனை தொழிலாளர்களுக்கும் எங்கள் உண்மையான விழுமியம் எது என்று தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு நான் அங்கே நடத்திய எந்தப் பயிற்சி வகுப்பும் எடுபடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த இரவு மனத்தை உறுத்துகிறது.

---

பதில்: மதுரை வாசகி

உத்தி முதலா, பண்பாடு முதலா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனிப் பொருள்களாகப் பார்ப்பதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் கண் அறுவை செய்தவர் அவர். பணம் கொடுக்க முடியாதவருக்கும் கண்புரை அறுவை செய்ய வேண்டும். ஆனால் நன்கொடையை நம்பி நடத்தக் கூடாது. இதுதான் அவருடைய உத்தி. அப்படியானால் ஒரு மருத்துவர் ஒரு நாளில் செய்யும் அறுவைகளின் எண்ணிக்கை மற்ற இடங்களைவிடப் பல மடங்காக வேண்டும், தரமும் குறையக் கூடாது.

அதற்கு அவர்கள் வகுத்த வழியில்தான் பண்பாடு இருக்கிறது. மருத்துவருக்கு முன்னால் இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்வார். மற்ற அனைத்தையும் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வார்கள். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து உருவாக்குகிறார்கள். வேறெங்கோ வேலை பார்த்து அனுபவத்தோடு வருபவரைத் தேடுவதில்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் வெளிநாட்டு விலை கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992இல் ஆரோலேப் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது.

இதில் என் மனத்தில் நிற்பது ஒன்று. கட்டணம் செலுத்துவோர் பகுதி, இலவசப் பகுதி இரண்டுக்கும் அதே மருத்துவர்கள்தான் மாறி மாறிப் போகிறார்கள். ஏழைக்கும் அதே கவனத்தோடு செய்யுங்கள் என்று சுவரில் எழுதி வைப்பதைவிட இது எவ்வளவு உறுதியான ஏற்பாடு என்று பாருங்கள். என் தாயாருக்கு அங்கே அறுவை நடந்தபோது, கட்டுப் போட்ட கண்ணோடு நடைக்கூடத்தில் வந்த அவரை இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் கையைப் பிடித்து அழைத்துவந்தார். படி வரும் இடத்துக்கு மூன்றடி முன்பே நின்று, "அம்மா, இப்ப ஒரு படி இறங்கணும், வலது கால வைங்க" என்று சொல்லி, கால் தரையில் பட்ட பிறகே அடுத்த அடி வைத்தார். அன்று அவர் எத்தனையாவது முறையாக அதைச் சொன்னாரோ தெரியாது. அவசரத்தின் சாயல்கூட அந்தக் குரலில் இல்லை.

நீங்கள் பம்பு ஷாஃப்டிலிருந்து ஹைட்ராலிக் பாகத்துக்கு மாறியபோது, உங்கள் ஆட்களிடமிருந்து உங்களுக்குத் தேவைப்படும் நடத்தையும் மாறிவிட்டது. முன்பு வேகமாக ஓட்டுபவர் வேண்டியிருந்தார். இப்போது சந்தேகம் வந்தால் நிறுத்துபவர் வேண்டும். இயந்திரத்தை மாற்றினீர்கள், வாடிக்கையாளரை மாற்றினீர்கள். சம்பளக் கணக்கு, ஷிஃப்ட் மேற்பார்வை, பாராட்டும் கண்டிப்பும் எதற்கு என்பன எல்லாம் பழைய உத்திக்கு ஏற்றபடியே இருக்கின்றனவோ என்று எனக்குத் தோன்றுகிறது.

---

பதில்: செட்டர், 17 ஆண்டு

ஐயா, நான் முதலாளி இல்லை. இயந்திரத்தை ஒவ்வொரு வேலைக்கும் அமைத்துக் கொடுக்கும் சிஎன்சி செட்டராக 17 ஆண்டுகளாக நான்கு கம்பெனிகளில் வேலை பார்த்திருக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் பட்டறையில் இன்சென்டிவ் எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் தாண்டினால் இவ்வளவு ரூபாய் என்று இருந்தால், உங்கள் ஆபரேட்டர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அதுவே விடை.

இரவு இரண்டு மணிக்கு இன்செர்ட் முனை உடைந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஸ்டோர் பூட்டியிருக்கும். சாவி சூப்பர்வைசரிடம், சூப்பர்வைசர் வீட்டில். போன் செய்தால் முதல் அழைப்பில் எடுக்கமாட்டார். எடுத்தால், "இதுக்கெல்லாமாப்பா எழுப்புவ, காலைல பாத்துக்கலாம்" என்பார். காலைவரை இயந்திரத்தை நிறுத்தினால் டார்கெட் போகும், இன்சென்டிவ் போகும், விடிந்ததும் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். ஆஃப்செட்டைத் தட்டி அளவைச் சரிசெய்து ஓட்டினால் எதுவும் கேட்கமாட்டார்கள். நானே இப்படி ஓட்டியிருக்கிறேன். செய்த பாகத்தைப் பற்றி வீட்டுக்குப் போன பிறகும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேலை தெரிந்தவனுக்குப் பழுதான பீஸை நல்ல பீஸோடு சேர்த்து வைப்பது எளிதான காரியம் இல்லை, ஐயா.

இப்போது நான் இருக்கும் இடத்தில், இரவு ஷிஃப்டில் ஒரு சிறு பெட்டி நிறைய இன்செர்ட் எங்கள் பொறுப்பிலேயே இருக்கிறது. உடைந்ததைப் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொண்டு ஏட்டில் எழுதினால் போதும். அந்தப் பெட்டி வந்த நாளில்தான் எங்களை நம்புகிறார்கள் என்று தெரிந்தது. உங்கள் ஆபரேட்டரிடம் ஒரு முறை தனியாக உட்கார்ந்து பேசுங்கள். ஏன் செய்தாய் என்று கேட்காமல், அந்த இரவு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

---

பதில்: ஈரோடு கணக்காளர்

மேலே சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் பணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சிறு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, இயந்திரத்தை நிறுத்தும் உரிமையைக் கொடுப்பதற்கு உங்கள் கொட்டேஷனில் இடம் இருக்கிறதா? பல பட்டறைகளில், ஒரு பாகம் செய்ய ஆகும் நேரமான சைக்கிள் டைமை நொடிக் கணக்கில் பார்த்து, இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நேரம் ஓடும் என்று வைத்து விலை சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்ன விலையில், ஒரு நிறுத்தம்கூட இழப்பு. பிறகு முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நிறுத்தியவரைப் பார்க்கும்போது முகம் மாறத்தான் செய்யும். பரிசோதனை நேரம், இன்செர்ட் மாற்றும் நேரம், நிறுத்தும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்து விலை சொல்லுங்கள். அந்த விலையை ஏற்காத வாடிக்கையாளருக்கு அந்தப் பாகத்தைச் செய்து கொடுக்காமல் இருப்பதுதான் உங்கள் உத்தி.

இரண்டாவது, ஆண்டு விழாவுக்கு முன்பு சம்பளத் தேதியைப் பாருங்கள். 7ஆம் தேதி என்று சொல்லிவிட்டு 12ஆம் தேதி கொடுக்கும் இடத்தில் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பேசுவது, கேட்பவரின் மனத்தைப் புண்படுத்தும். பிஎஃப், இஎஸ்ஐ முழுச் சம்பளக் கணக்கில் கட்டப்படுகிறதா, ஓவர்டைமுக்குச் சட்டப்படியான இரட்டிப்பு ஊதியம் போகிறதா என்பவை எல்லாம் தொழிலாளிக்குத் தெரியும். கணக்கில் நேர்மையில்லாத நிறுவனம் வேலையில் நேர்மையைக் கேட்டுப் பெற முடியாது.

மூன்றாவது, சூப்பர்வைசர். இதைப் பற்றி இந்தத் திரியில் இன்னும் பேச வேண்டும். நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் அது அவர் வழியாகத்தான் இரவு ஷிஃப்டுக்குப் போகிறது. அவருடைய சம்பள உயர்வு எதைப் பொறுத்து இருக்கிறதோ அதைத்தான் அவர் காப்பாற்றுவார்.

---

மறுமொழி: குறிச்சிப் பட்டறை

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. உடனே எழுதாததற்குக் காரணம் உண்டு. பாடி ஐயா கேட்ட கேள்வியைப் படித்தவுடன் விடை எனக்குத் தெரிந்துவிட்டது. அதை இங்கே எழுதும் மனம் அப்போது எனக்கு வரவில்லை.

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம், இரவு ஷிஃப்டில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் இதே போன்ற பழுதைக் கண்டு இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அனுப்ப வேண்டிய சரக்கு இருந்தது. காலை எட்டு மணிக்கு, இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் நின்றுகொண்டிருந்தபோது, ராத்திரி முழுக்கத் தூங்கினாயா என்று கத்தியவன் நான்தான். அன்றைய இன்சென்டிவான 180 ரூபாயையும் பிடித்துக்கொண்டேன். தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். 1,200 பாகங்கள் திரும்பியதைப் பற்றி எழுதியபோது நான் குறிப்பிட்ட ஆபரேட்டர், நான் கத்திய அந்தக் காலையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்.

செட்டர் நண்பர் சொன்னபடியே தனியாக உட்கார்ந்து, அந்த இரவு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, அந்த இரவில் செய்த பாகங்கள் இருந்த ஏழு தட்டுகளின் ஓரத்திலும் சாக்பீஸால் ஒரு சிறு கோடு போட்டு வைத்ததாகச் சொன்னார். யாராவது பார்த்துக் கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தாராம். பேக்கிங் பிரிவில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன். ஆமாம் தம்பி, ஏழு தட்டில் கோடு இருந்தது, எண்ணிக்கைக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டேன் என்றார். தட்டுக்கு இருபது வீதம் ஏழு தட்டுகள், 140 பாகங்கள். கணக்குச் சரியாக இருந்தது. பழுதைச் சொல்வதற்கு என் பட்டறையில் மிஞ்சியிருந்த ஒரே வழி, துடைத்தால் போய்விடும் ஒரு கோடு என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆபரேட்டரின் வீடு சுந்தராபுரத்தில். போய், பிடித்த 180 ரூபாயைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். பணத்தை வாங்கிக்கொண்டார், திரும்பி வர மறுத்துவிட்டார். அது அவருடைய உரிமை. அதைக் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில், நான் கத்திய அதே இடத்தில் நின்று எல்லோரிடமும் சொன்னேன். பீஸ் கணக்கு இன்சென்டிவை நிறுத்தி, அதன் ஆறு மாதச் சராசரியை அவரவர் சம்பளத்தில் சேர்த்துவிட்டேன். இன்செர்ட் பெட்டி இரவு ஷிஃப்டுக்கு வந்துவிட்டது. சாக்பீஸுக்குப் பதில் சிவப்புத் தட்டு வைத்திருக்கிறோம். சந்தேகம் உள்ள பாகம் அதில் போகும், காலையில் நானே வந்து அதை முதலில் பார்க்கிறேன்.

முதல் வாரத்தில் 31 முறை இயந்திரங்கள் நின்றன. என் தந்தைக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நிறுத்தம் சராசரியாக இருபது நிமிடம். மணிக்கு 450 ரூபாய் என்று வைத்தால் 150 ரூபாய். 31 முறைக்கு 4,650 ரூபாய். திரும்பி வந்த லாட்டின் விலை மட்டும் பாகத்துக்கு 340 வீதம் 4,08,000 ரூபாய். அதற்குப் பதிலாக விமானத்தில் அனுப்பிய சரக்கின் கட்டணம் தனி. தந்தையிடம் இந்தத் தாளைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் ஒரு முறை படித்தார். அந்த 31இல் பத்தொன்பது ஒரே இயந்திரத்தில், ஒரே காரணத்தால்: வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் குழாய் துளைக்கு நேராக அடிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் இருந்திருக்கிறது, ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

பலகையை இப்போதைக்கு மாட்டவில்லை. புதிய பாகத்துக்குக் கணக்காளர் ஐயா சொன்னபடி நிறுத்த நேரத்தையும் சேர்த்து விலை அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. மீதமிருக்கும் சிக்கல் சூப்பர்வைசர். தந்தை காலத்திலிருந்து 22 ஆண்டுகளாக எங்களோடு இருப்பவர், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சிவப்புத் தட்டில் பாகம் இருந்தால் அவர் கத்துவதில்லை, ஆனால் வைத்தவரோடு அன்று முழுவதும் பேசுவதில்லை. ஆட்கள் அதைக் கவனிக்கிறார்கள். இவரை எப்படிக் கொண்டுவருவது?

---

பதில்: பாடி தரப்பிரிவு, ஓய்வு

உங்கள் மறுமொழியை இரண்டு முறை படித்தேன். சுந்தராபுரத்துக்குப் போனீர்களே, அதற்கு மேல் நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை.

சூப்பர்வைசரைப் பற்றி மட்டும். 22 ஆண்டுகளாக அவர் மதிக்கப்பட்டது உற்பத்தி நிற்காமல் பார்த்துக்கொண்டதற்காக. இப்போது நிறுத்துபவருக்கு மதிப்புக் கொடுக்கிறீர்கள். தன் வாழ்நாள் உழைப்பையே தவறு என்று சொல்கிறீர்களோ என்று அவருக்குத் தோன்றலாம். சிவப்புத் தட்டைக் காலையில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டாம். அவரையே பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இந்தக் கோடு ஏன் விழுந்தது அண்ணா என்று அவரிடம் கேளுங்கள். அத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவருக்குத் துளையின் உட்சுவரைத் தொட்டவுடனே காரணம் தெரிந்துவிடும். பாகத்தை வைத்த ஆபரேட்டரையும் அழைத்து, அவர் முன்னிலையிலேயே அண்ணன் விளக்கட்டும். நம்மியில் ஓடிவந்த குழுத் தலைவரின் வேலையும் அதுதான்.

ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு, இரவு ஷிஃப்டில் சிவப்புத் தட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அது தொடர்ந்து காலியாக இருந்தால் மகிழ வேண்டாம்; அன்று இரவே நேரில் போய்ப் பாருங்கள்.